ஜன்னலைத் திறந்து வையுங்கள்!

“டிக்கெட்டை முறையான இடத்தில் வாங்குங்கள், கள்ள மார்க்கெட்டை ஆதரிக்காதீர்கள்” என்று ஒவ்வொரு பெரிய கால்பந்துப் பந்தயத்துக்கு முன்பும் நிர்வாகிகள் உபதேசம் செய்கிறார்கள். நல்ல உபதேசம். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் உபதேசிகளிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்த முறையான இடம் எங்கே இருக்கிறது, ஐயா?

கேள்வியைத் திண்டுக்கல்லிலிருந்து கேட்கிறேன். கிரிக்கெட்டுக்கு எங்கள் ஜில்லாவில் குறையில்லை. நத்தத்தில் உள்ள கல்லூரி மைதானத்துக்குத் தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016இலேயே வந்துவிட்டது. 2025இல் இறுதி ஆட்டமே அங்கேதான் நடந்தது. கால்பந்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தபோது சென்னைக்கு ஓர் அணி கிடைத்தது. அதைப் பார்க்க ஆசைப்பட்ட எங்கள் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி 400 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். போக வர இரண்டு நாள் கூலி போய்விடும். “போய்ப் பார்ப்போம், கிடைத்தால் நுழைவோம்” என்று அவன் கிளம்ப முடியாது. டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் பஸ் ஏற முடியும். கைக்கு என்றால் இக்காலத்தில் செல்போனுக்கு.

முறையான வழியை நான் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிக்கெட் என்பது காசுக்கு ரசீது மட்டுமல்ல, உயிருக்கும் காவல். 1980 ஆகஸ்டு 16ஆம் தேதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். எந்தக் கட்சிக்காரன் எந்தப் பக்கம் உட்காருகிறான் என்பது அற்ப சமாசாரமல்ல. இங்கிலாந்தில் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டைக் கைமாற்றி விற்பதை 1994ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியது. நம் நாட்டிலும், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112ஆம் பிரிவு, கும்பலாகச் சேர்ந்து திருட்டு டிக்கெட் விற்பதைத் திருட்டோடும் மோசடியோடும் ஒரே வரிசையில் வைத்து, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஆக, சட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஜன்னல்தான் இல்லை.

“தேவை அதிகம், ஆசனம் குறைவு, விலை ஏறத்தான் செய்யும்” என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். மழை பெய்வதுபோல விலை தானாகப் பெய்கிறதா என்ன? 2022இல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது, அந்நாட்டில் வசிப்பவர்களுக்கென்று 40 ரியாலுக்கு டிக்கெட் ஒதுக்கினார்கள். அங்கே உழைக்கப் போன நம்மவர்களும் அதை வாங்கலாம். 2026ஆம் ஆண்டுக் கோப்பைக்கு அதே உலகச் சம்மேளனம் தேவைக்குத் தக்கபடி விலையை ஏற்றி இறக்கியது. அமெரிக்க ஆட்டங்களின் டிக்கெட்டைக் கைமாற்றத் தானே சந்தை போட்டு, விற்றவனிடம் நூற்றுக்கு 15, வாங்கியவனிடம் நூற்றுக்கு 15 என்று தரகும் வைத்தது. தெருமுனையில் நின்று செய்தால் கள்ள மார்க்கெட். சம்மேளனம் செய்தால் சேவை! ஏழைக்கு இடம் ஒதுக்குவதும் ஒதுக்காததும் இயற்கையின் விதியல்ல, மனிதரின் முடிவு.

முறையான வழியில் வாங்கியவன் கதி என்ன? 2025 டிசம்பர் 13ஆம் தேதி கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மெஸ்ஸியைக் காண ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். பிரமுகர்களும் அதிகாரிகளும் அவரைச் சூழ்ந்து மறைத்துக்கொண்டார்கள். சுமார் இருபது நிமிஷத்தில் அவர் போய்விட்டார். ஆத்திரத்தில் ஜனங்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஏற்பாட்டாளர் கைதான பிறகுதான் பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே வந்தது. நாற்காலியை உடைத்தது தவறு. ஆனால் விற்ற பொருளைக் கொடுக்காதது அதற்கு முந்திய தவறு அல்லவா?

எங்கள் ஊர் ரயில் நிலையத்தைப் பாருங்கள். ரயில்வேயும் இணையத்தில் டிக்கெட் விற்கிறது. அதற்காக ரிசர்வேஷன் ஜன்னலை மூடிவிடவில்லை. டிக்கெட்டில் விலை இருக்கிறது. பிரயாணியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ரத்தானால் என்ன திரும்பும் என்பதற்கு விதி இருக்கிறது. குறைகள் ஆயிரம் உண்டு, தத்கால் அவதியை நானும் அறிவேன். ஆனாலும் ரொக்கத்தோடு வருபவனை அது திருப்பி அனுப்புவதில்லை. பந்தயம் நடத்துவோரிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். ஜில்லாவுக்கு ஒரு ஜன்னல் வையுங்கள். மொத்த ஆசனம் எத்தனை, விற்பனைக்கு எத்தனை, பிரமுகர்களுக்கு இனாம் பாஸ் எத்தனை என்று முன்கூட்டியே பிரசுரம் செய்யுங்கள். வர முடியாதவன் டிக்கெட்டை வாங்கிய விலைக்கே உங்களிடம் திருப்பித் தர வழி செய்யுங்கள்.

ரசிகருக்கும் ஒரு வார்த்தை. எந்த நிறுவனம் டிக்கெட் விற்கிறது என்பதை அணியின் சொந்தப் பக்கத்தில் பார்த்து, அங்கிருந்தே போய் வாங்குங்கள். எவனோ வாட்ஸப்பில் அனுப்பிய சுட்டியைத் தொடாதீர்கள். ஒரே டிக்கெட்டின் படத்தை ஐந்து பேருக்கு விற்கிறான். அதிலுள்ள கட்டத்தை வாசலில் ஒரு முறை படித்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. முதலில் போனவன் உள்ளே. மற்ற நால்வரும், அவர்கள் கொடுத்த கூலியும், வெளியே. கிடைக்காவிட்டால் வீட்டில் இருங்கள். கள்ளச் சீட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், அடுத்த பந்தயத்தில் உங்கள் ஆசனத்தைப் பறிக்க அவனுக்கு நீங்கள் கொடுக்கும் முதல்.

சாவி வைத்திருப்பவனுக்கும் திறக்காத பூட்டை எங்கள் ஊரில் யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். விலையும் கொடுத்து, விதிக்கும் கட்டுப்பட்டு நிற்கும் ரசிகனுக்குத் திறக்காத வாசலை ‘முறையான வழி’ என்று சொல்லாதீர்கள். முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். உபதேசத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.