குவாரிக் குழித் தண்ணீருக்கும் கணக்கு உண்டு

கேள்வி: ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரியும் கிரஷரும் ஓடுகின்றன. கோடை பிறக்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. கேட்டால், 'தூசி அடங்கத் தெளிக்க, தினமும் ஒரு டேங்கர்தான் செலவு' என்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: 'ஒரு டேங்கர்' என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், அது பாதிக் கணக்கு. குவாரி பயன்படுத்தும் தண்ணீர் வேறு, குவாரியால் நிலத்தைவிட்டு வெளியேறும் தண்ணீர் வேறு.

வரவு மூன்று: டேங்கர் அல்லது போர்வெல் தண்ணீர், குழியில் விழும் மழை, பாறை வெடிப்புகளில் கசிந்து வரும் ஊற்று. செலவு நான்கு: சாலையிலும் கிரஷரிலும் தெளிப்பது, எம்-சாண்ட் கழுவும்போது மணலோடு போகும் ஈரம், குழியில் ஆவியாவது, மோட்டார் வைத்து ஓடைக்கு இறைத்துவிடுவது. கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தினால், அதை மறுபடி செலவில் சேர்க்கக் கூடாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். குழியில் தண்ணீர்ப் பரப்பு ஒரு ஏக்கர். மழை இல்லாத கோடை நாள். 6 மி.மீ. ஆவியானால், அதுவே சுமார் 24,000 லிட்டர். வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் 8 மணி நேரம் ஓடினால் 1,44,000 லிட்டர். மொத்தம் 1,68,000 லிட்டர் வெளியே போயிருக்கிறது. ஊற்றே இல்லையென்றால், குழியின் மட்டம் 4 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால், 1 செ.மீ. மட்டும் இறங்கியிருக்கிறது. அது சுமார் 40,000 லிட்டர்தான். மீதி 1,28,000 லிட்டர், ஒரே நாளில் சுற்றுவட்டப் பாறையிலிருந்து ஊறி வந்தது. 'ஒரு டேங்கர்' கணக்கில் இது வரவே வராது.

ஈரமும் சிறு செலவில்லை. 20 டன் மணலில் 10 சதவிகிதம் ஈரம் இருந்தால், ஒரு லோடோடு 2,000 லிட்டர் தண்ணீர் ஊரைவிட்டுப் போகிறது.

இதை வைத்து மட்டும், 'கிணறு வற்றியது குவாரியால்தான்' என்று சொல்லிவிட முடியாது. மழை குறைந்திருக்கலாம், பக்கத்தில் புதிய போர்வெல்கள் வந்திருக்கலாம். எனவே, விவசாயிகள் தங்கள் பங்குக்கு ஒரு நோட்டு போட வேண்டும். குவாரிக்குப் பக்கத்தில் இரண்டு கிணறு, தூரத்தில் இரண்டு கிணறு தேர்வு செய்யுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன், கிணற்று மேட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். மழையளவையும், குவாரியில் மோட்டார் ஓடிய நாள்களையும் சேர்த்து எழுதுங்கள். மோட்டார் ஓடும் வாரங்களில் பக்கத்துக் கிணறு மட்டும் வேகமாக இறங்கி, நிறுத்தியதும் தேறினால், அது வலுவான சான்று. குழிக்குள் இறங்கி அளக்கப் போகாதீர்கள், அது ஆபத்து. குழியின் மட்டத்தையும் மோட்டார் ஓடிய நேரத்தையும் எழுதிவைக்கும்படி குவாரிக்காரரிடம் கேட்பதே முறை.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரி, நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1 மற்றும் டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். இது பொது ஆவணம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் அனுமதி ஆணை, இந்த அறிக்கை இரண்டின் நகலையும் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நிலத்தடி நீர் மட்டம், குழியின் ஆழம், இறைக்கும் நீர் பற்றி அதில் சொல்லியிருப்பதை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், 'கிணறு வற்றிப்போச்சு' என்று மட்டும் சொன்னால் மனு எண் கிடைக்கும். ஒரு வருட அளவுகளோடு போனால், அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டிய காரணம் கிடைக்கும்.