தாய்க்கு ஒரு ஊசி, இரு உயிருக்குக் காப்பு



"சளி ஜுரந்தானே, சுக்குக் கஷாயத்தில் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு ஏழு மாதக் கர்ப்பிணி மில்லில் ஸ்பின்னிங் மெஷின் முன்னே நிற்கிறாள். நடவு வயலில் குனிகிறாள். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற பயம்! அந்தப் பயம் இரண்டு உயிர்களைப் பலி கேட்கக்கூடியது என்று எச்சரிக்கிறோம்.

இன்புளுயன்ஸா என்னும் விஷ ஜுரம் 1957 மே மாதம் கப்பல் வழியே சென்னையில் இறங்கி, நாடெங்கும் பரவியது. அதே வருஷம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அந்த ஜுரத்தால் மாண்ட, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கர்ப்பிணிகள். காரணம் என்ன? வளரும் கர்ப்பப்பை நுரையீரலை நெருக்குகிறது. இருதயத்துக்கு வேலை கூடுகிறது. நோயை எதிர்க்கும் சக்தியும் மாறுகிறது. ஆகவே மற்றவருக்கு மூன்று நாள் ஜுரமாகப் போவது, கர்ப்பிணிக்கு நிமோனியாவாக முற்றலாம், குறைப்பிரசவமும் நேரலாம்.

இதற்குக் காப்பு உண்டு. அதுதான் ப்ளூ தடுப்பூசி. "கர்ப்பிணிக்கு ஊசி ஆகாது" என்பது தவறான பேச்சு. கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது நோயை உண்டாக்காது. எந்த மாதத்திலும் போடலாம். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் சேர்கிறது. ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு இந்த ஊசி போடுவதில்லை. தாய் போட்டுக்கொண்டதே அதற்குக் கவசம். கர்ப்பிணிகளுக்கே முதலிடம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2012லேயே சொல்லிவிட்டது.

ஆனால் நடப்பது என்ன? தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிக்கு ரண ஜன்னி ஊசி உண்டு. ப்ளூ ஊசி இல்லை. காசுள்ளவர் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கூலிக்காரி எங்கே போவாள்? மில் பெண்ணுக்கு 1961ம் வருஷச் சட்டம் சம்பளத்தோடு பிரசவ லீவு தந்தது. 2017ல் அது 26 வாரமாக உயர்ந்தது. வயலில் நிற்பவளுக்கு அந்த லீவு உண்டா?

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ப்ளூ ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஜுரம் கண்ட கர்ப்பிணிக்குக் கூலியோடு ஓய்வு வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

அதுவரை நாம் சும்மா இருக்கலாகாது. கர்ப்பிணிக்கு ஜுரமோ மூச்சுத் திணறலோ கண்டால் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்; ப்ளூ மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இருமுகிறவர் சிசுவைத் தூக்க வேண்டாம். தாய்க்கே ஜுரமானாலும் வாய் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் போனஸைப் பேசுகிறோம், கூலியைப் பேசுகிறோம். இதையும் பேசுவோம். பிறக்கப்போகும் பிள்ளையும் நம் பிள்ளையே!