குவாரி பேங்க் பஞ்சாலை

இங்கிலாந்தில், மாஞ்செஸ்டர் நகருக்குத் தெற்கே ஸ்டையல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்து ஓடும் பொலின் ஆற்றின் கரையில், 1784 ஆம் ஆண்டு சாமுவேல் கிரெக் என்னும் வணிகர் ஒரு பஞ்சாலையை நிறுவினார். குவாரி பேங்க் என்பது அதன் பெயர். ஆற்றின் நீர் பெருஞ்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் ஆலையின் எந்திரங்களை இயக்கியது. 1939 இல் கிரெக் மரபினர் ஒருவர் அதனை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்திற்கு வழங்கினார். 1959 இல் அங்கு வாணிகத் தொழில் நின்றது. இன்று அஃது ஓர் அருங்காட்சியகம்.

பழைய ஆலையைக் காட்சிச்சாலை ஆக்குவோர் பலர், எந்திரங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக நிறுத்திவிட்டால் தம் கடமை முடிந்தது என எண்ணுகின்றனர். ஓடாத எந்திரம் ஊமைச் சிலையை ஒக்கும். ஸ்டையலில் தறிகளை ஓட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. சில தறிகள் ஓடினாலே அருகில் நிற்பவர் பேச்சுச் செவியில் விழுவதில்லை. கூடம் முழுதும் தறிகள் முழங்கிய காலத்தில் தொழிலாளர் எவ்வாறு பேசிக்கொண்டனர்? அந்நாட்டு நெசவாலைப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சை உணரும் பழக்கம் பெற்றிருந்தனர். பல ஆண்டு இரைச்சல் பலருடைய செவிப்புலனைக் கெடுத்தது. இதனை எத்தனை பக்கம் எழுதினும் விளங்காது. ஒரு நொடி கேட்டால் விளங்கும்.

எனினும், ஓசை மட்டும் போதாது. ஆலைக்குச் சற்றுத் தொலைவில் 1790 இல் கட்டப்பெற்ற ஒரு வீடு இருக்கிறது. ஆதரவற்றோர் விடுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கே தங்கினர். அவர்கள் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்கள். உணவும் உடையும் உறைவிடமுமே அவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம். 1800 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90 சிறார் அவ்வாறு இருந்தனர்; ஆலைத் தொழிலாளருள் அவர்கள் பாதியளவினர். நூற்பு எந்திரத்தில் அறுந்த நூலை இணைப்பதும், அதன் அடியில் தவழ்ந்து சென்று பஞ்சுக் கழிவைத் திரட்டுவதும் சிறாரின் வேலைகள். எந்திரத்தின் முன்பகுதி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்; தலையை உரிய நொடியில் தாழ்த்தாவிட்டால் ஆபத்து.

கிரெக் நல்லவர் என்பர் சிலர். அவர் சிறாரின் உடல்நலம் காக்கப் பீட்டர் ஹாலந்து என்னும் மருத்துவரை அமர்த்தினார். வேறு பல ஆலைகளில் இருந்ததைவிட ஸ்டையலில் நிலைமை மேலானது என்பதும் மெய்யே. ஆயினும் மருத்துவரைக் காட்டிவிட்டு, மருத்துவம் தேவைப்பட்ட காரணத்தைக் காட்டாதிருப்பது நேர்மை ஆகாது. அக்குடும்பத்திற்கு டொமினிக்கத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. ஆலைக்கு வந்த பஞ்சிலும் அடிமைகளின் உழைப்பு கலந்திருந்தது. இவற்றைக் கூறாமல் கட்டடத்தின் அழகை மட்டும் புகழ்வது வரலாற்றில் பாதியை மறைப்பதாகும். 'இன்பமாகப் பொழுது போக்க வந்தவரிடம் இத்துன்பக் கதை எதற்கு?' என வினவுவோரும் உளர். அவர்கள் சோலைக்குச் செல்லலாம். சோலையும் அங்கே அழகாகவே இருக்கிறது.

1806 ஆம் ஆண்டில் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்னும் இரு சிறுவர் ஆலையைவிட்டு ஓடினர். ஏறத்தாழ 180 மைலுக்கு அப்பாலுள்ள இலண்டனை அடைந்தனர். தாயைக் காணும் ஆவல் அவர்களை இழுத்துச் சென்றது. பிரீஸ்ட்லி எந்திரத்தில் ஒரு விரலை இழந்திருந்தான். நீதிபதிகளின் முன் அவர்கள் கூறிய வாக்குமூலம் எழுத்தில் பதிவாயிற்று. காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை வேலை என்பதும், உண்ட உணவு இன்னதென்பதும் அதனால் தெரிய வந்தன. அவ்விருவர் ஓடியிராவிட்டால் அவர்களுடைய சொற்கள் ஏட்டில் ஏறியிரா. ஓடாமல் பணிந்திருந்த சிறாரின் குரலைத் தேடினால், கணக்கேட்டில் பெயரும் வயதுமே பெரும்பாலும் கிடைக்கும்.

ஆதலால் ஸ்டையலுக்குச் செல்வோர் நீர்ச்சக்கரத்தை நோக்கி விரையாமல், முதலில் அச்சிறார் வாழ்ந்த வீட்டைக் காண்பது நலம். அவர்கள் உறங்கிய அறையையும், உழைத்துக் களைத்தபின் எழுத்துக் கற்ற அறையையும் பார்த்துவிட்டு, அவர்கள் விடியலில் நடந்த வழியாகவே ஆலைக்கு வரலாம். அதன்பின் தறி ஓடத் தொடங்கட்டும்.