வாக்கும் தவணையும்

அரபு மொழியில் ‘வஅது’ என்றால் வாக்குறுதி. அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததே ‘மவ்இது’. குறித்த நேரம், குறித்த இடம் என்பது அதன் பொருள். வாக்கும் தவணையும் ஒரே வேரில் கிளைத்தவை. தவணையில்லாத வாக்கு, வேரற்ற கிளை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியேற்றச் சட்டம், உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ளலாம் என்று அளித்திருக்கும் வாக்கு அத்தகையதே என்று நாம் குற்றஞ்சாட்டுகிறோம்.

அந்நாட்டுக் குடியுரிமை பெற்று 21 வயது நிறைந்த ஒருவர், தம் சகோதர சகோதரியருக்காக மனுச் செய்யலாம். 1946-இல் இந்தியருக்கு ஆண்டொன்றுக்கு 100 இடம் என்று அளந்து கொடுத்த நாடு அது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த நாட்டைப் பார்த்து இடம் ஒதுக்கிய பழைய முறையை ஒழித்துக் குடும்ப உறவுக்கு முதன்மை தந்தது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தார் வகைக்கு உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 65,000 இடங்களை வரையறுத்தது. அழைக்கப்படுபவரின் மனைவி மக்களும் இந்த எண்ணுக்குள்ளேயே அடக்கம். போதாக்குறைக்கு, குடும்ப, வேலைவாய்ப்பு வகைகளின் மொத்த இடங்களில் எந்தவொரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு!

விளைவு என்ன? அந்நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா அறிக்கை வெளியிடுகிறது. 2025-இல் வந்த அறிக்கைகளில், இந்தியாவிலுள்ள உடன்பிறந்தாரின் முறை 2006-ஆம் ஆண்டு மனுக்களிலேயே நின்றது. மெக்சிகோ நாட்டவருக்கோ 2001! சில மாதங்களில் தேதி அசைவதில்லை; சில வேளைகளில் பின்னோக்கியும் நகர்வதுண்டு. ஆகவே, இன்று மனுச் செய்பவர் தம் முறை எந்த ஆண்டில் வருமென்று கணக்கிடவே இயலாது.

இதனிடையே, மனு அங்கீகரிக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வருகிறது. வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். உறவு உண்மையானது என்பதற்கு மட்டுமே அக்கடிதம் சான்று. விசாவுக்கான வரிசை அப்படியே இருக்கிறது.

இந்தக் காத்திருப்பின் சுமை பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. பெற்றோருடன் செல்ல வேண்டுமாயின் பிள்ளை 21 வயதுக்குட்பட்டு, மணமாகாதிருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டில் இயற்றிய பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம், அலுவலகம் மனுவைப் பரிசீலித்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளுக்குக் கழிவில்லை. அதிகாரியின் தாமதத்துக்கு மன்னிப்புண்டு. சட்டத்தின் தாமதத்துக்குப் பிள்ளை பொறுப்பாம்! இவ்வாறு வயது கடந்த பிள்ளைகள், பெற்றோரின் பழைய முறைத் தேதியையும் தக்கவைத்துக்கொள்ள முடியாதென 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இடையில் மனுச் செய்தவர் இறந்துவிட்டாலோ, சில விலக்குகள் நீங்கலாக, மனுவும் அவருடன் மடிகிறது.

‘எத்தனை பேரை ஏற்பதென்று முடிவு செய்வது ஒரு நாட்டின் உரிமையல்லவா?’ என்று கேட்பார்கள். ஆம், உரிமைதான். ‘இடமில்லை’ என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்கும். அப்படிச் சொல்லிவிட்டால் கேட்டவர் தம் வழியைப் பார்த்துக்கொள்வார். இங்கு நடப்பதென்ன? 2024 ஏப்ரலில் இம்மனுவுக்கான கட்டணம், காகிதத்தில் அனுப்புவோருக்கு 675 டாலராக உயர்ந்தது. பணம் பெறுகிறார்கள், நாள் குறிப்பதில்லை. முன்பணம் பெற்றுப் பின்னர்ப் பொருள் தரும் ‘ஸலம்’ வணிகத்தில் தவணையிட்டால், அத்தவணை இருவருக்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. ஒரு மூட்டை கோதுமைக்கு இருக்கும் இந்த மரியாதை மனிதனின் ஆயுளுக்கு இல்லையா?

நாம் கேட்பவை மூன்று. மனுவைப் பெறும்போதே, இன்றைய நிலையில் எத்தனை ஆண்டு ஆகக்கூடுமென எழுத்தில் தெரிவிக்கட்டும். பிள்ளையின் வயதை மனு பதிவான நாளோடு நிறுத்திக் கணக்கிடட்டும். 1990-இல் வகுத்த எண்ணை இன்றைய தேவைக்கேற்பத் திருத்தட்டும். அது இயலாதெனில் புதிய மனுக்களைப் பெறுவதையாவது நிறுத்தட்டும்.

நம் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். மனுச் செய்யுங்கள்; தவறில்லை. ஆனால், அந்தத் தாளை நம்பி மகளின் நிக்காஹைத் தள்ளிவைக்காதீர்கள். மகனின் படிப்பை, கடையை, கட்ட நினைத்த வீட்டை ‘எப்படியும் போகப்போகிறோமே’ என்று பாதியில் விடாதீர்கள். மணம் முடித்த பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்து நீங்குவது உண்மைதான். ஆனால், இருபதாண்டுக் காலம் மணமின்றிக் காத்திருந்த பிள்ளையும் வயதால் நீங்கத்தானே போகிறது? தவணை சொல்லாதவனின் வாக்குக்காக நம் தவணைகளை நாம் ஏன் தவறவிட வேண்டும்?