மனைவி ஒளித்த மாத்திரை

குபேர் அங்காடியிலிருந்து காய்கறிப் பை சுமந்துவந்த கணவரின் முன்கை நீலமாகக் கன்றியிருப்பதைக் கண்ட மனைவி, அன்றிரவே குளோபிடோக்ரெல் மாத்திரையை ஒளித்துவைத்தார். ஸ்டென்ட் பொருத்தி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நல்வாய்ப்பாக, மறுநாளே தெரியவந்தது.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அம்மாத்திரையும் ஆஸ்பிரினும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. ஆகவே சிறு அடிபட்டாலும் தோல் கன்றும். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்பியது எங்கள் குறையே. மருந்துச் சீட்டை விளக்கும்போது வாழ்க்கைத் துணையும் உடனிருக்க வேண்டும் என்பேன்.

தொடக்க மாதங்களில் இவற்றைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேரலாம். தோல் கன்றினால் எங்களிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ உடனே வாருங்கள், நள்ளிரவாயினும்.