கணக்கை உரக்கப் படியுங்கள்!

"மக்கள் வருவதே இல்லைங்க!"

எந்த ஊர் நலச்சங்கத்திலோ இளைஞர் மன்றத்திலோ போய்க் கேட்டாலும் முதலில் வரும் புலம்பல் இதுதான். கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவார்கள். அதில் நாலு பேர் நிர்வாகிகள், மூணு பேர் நிர்வாகிகளின் சொந்தக்காரர்கள், மீதி மூணு பேர் டீ, வடைக்காக வந்தவர்கள். உடனே ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "நம்ம ஜனங்களுக்குப் பொது அக்கறையே கிடையாது, விழிப்புணர்வு ஏற்படுத்தணும்." அடுத்த மாதம் விழிப்புணர்வுப் பேரணி நடக்கும். அதற்கும் அதே பத்துப் பேர்தான்.

நண்பர்களே, என் கருத்து இதற்கு நேர் எதிர். மக்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. கூட்டத்தில் அவர்களுக்கு வேலைதான் இல்லை. கை தட்டவும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் யார் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்? "நீங்கள் வந்து சொன்னால்தான் இந்த உண்மை தெரியும், வேறு யாராலும் சொல்ல முடியாது" என்ற நிலையை ஓர் அமைப்பு உண்டாக்கட்டும், கூட்டம் தானாக வரும். இது நடந்த கதைதான். நடந்த இடம் ராஜஸ்தான்.

1987-ல் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் இருக்கும் தேவ்டுங்ரி என்ற சின்ன கிராமத்தில், ஒரு மண் வீட்டில் சிலர் குடியேறினார்கள். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்த அருணா ராய், அமெரிக்கப் படிப்பிலிருந்து திரும்பிய நிகில் டே, அந்தப் பகுதிக்காரரான சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி. பஞ்ச நிவாரண வேலைகளில் கூலியாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதுதான் அங்கே இருந்த முதல் பிரச்சினை. கூலியாட்களையும் சிறு விவசாயிகளையும் சேர்த்து 1990 மே 1-ஆம் தேதி 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பு பிறந்தது. தமிழில் சொன்னால் உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு.

"கூலி ஏன் குறைகிறது?" என்று கேட்டால், "நீ வேலை செய்யவில்லை, ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. "அந்த ரிக்கார்டைக் காட்டு" என்றால், அது அரசாங்க ரகசியம்! ஒரு ஏரிக்கரையில் மண் வெட்டிய ஆளின் கூலிக் கணக்கு, அந்த ஆளுக்கே ரகசியம். தகவல் அறியும் உரிமை என்ற பெரிய வார்த்தை பிறந்தது இந்தச் சின்ன எரிச்சலிலிருந்துதான்.

நான் பி.காம். படிப்பவன் என்பதால் அடுத்த பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். :-)

தணிக்கைப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது வவுச்சர் சரிபார்ப்பு. கணக்கில் ஒரு செலவு இருந்தால் அதற்கு ரசீது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரி, ரசீதே பொய் என்றால்? பேப்பர் எல்லாம் பக்காவாக இருக்கும், தணிக்கையாளரும் பச்சை மையில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் வெளி ஆள் உறுதி என்று ஒரு முறை உண்டு. வங்கிக்கும் கடனாளிக்கும் நேராகக் கடிதம் எழுதி, "இந்தத் தொகை உண்மையா?" என்று கேட்பார்கள். கிராமத்துக் கணக்கில் அந்த வெளி ஆள் யார்? மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறதே, அந்தக் கூலியாள். சிமென்ட் வந்து இறங்கியதாகச் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுக்காரர். இவர்களை யாரும் கேட்டதே இல்லை.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்' நடந்தது. மக்கள் விசாரணை என்று சொல்லலாம். செய்தது ரொம்ப எளிமையான காரியம். கிடைத்த ஆவணங்களை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். இன்ன வேலைக்கு இன்னார் இத்தனை நாள் வந்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படிக்கப் படிக்க, கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. இதைத் தொடர்ந்து ஊர் ஊராக விசாரணைகள் நடந்தன. செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரை விட்டே போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சரக்கு சப்ளை செய்ததாகப் பில் போட்ட ஒரு கம்பெனி காகிதத்தில் மட்டும்தான் இருந்தது!

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட அங்கே சாட்சியாக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். படித்துக் காட்ட ஒரு ஆள் போதும், சரிபார்க்க ஊரே இருக்கிறது. எந்தப் பட்டயக் கணக்காளராலும் செய்ய முடியாத தணிக்கை இது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நாள் கூத்து மாதிரித் தெரியும். உண்மையில் வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடியிருப்பாகப் போய், படித்துக் காட்டி, சரிபார்த்துவிட்டுத்தான் விசாரணை. அதிகாரிகளையும் பஞ்சாயத்துத் தலைவரையும் முறையாக அழைப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மைக் கிடைக்கும். வெளியிலிருந்து பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சங்கர் சிங்கின் பொம்மலாட்டமும் பாட்டும் நக்கலும் வேறு உண்டு. அரசியல்வாதி வேஷம் கட்டி 'ஊழல் ரத யாத்திரை' நடத்திய மனிதர் அவர். மக்களைக் கூப்பிடுவதற்கு உபதேசத்தைவிடச் சிரிப்பு நல்ல வழி என்று தெரிந்தவர்.

அடுத்தது சுதந்திரம். ஒரு அமைப்பு யார் பணத்தில் நடக்கிறதோ அவரைக் கேள்வி கேட்க முடியாது. இவர்கள் நிறுவனங்களின் நிதியை நம்பவில்லை. முழுநேர ஊழியர்கள் எடுத்துக்கொண்டது குறைந்தபட்சக் கூலி அளவுதான். 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தபோது கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொடுத்தன, சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். ஒரு படி கோதுமை கொடுத்தவர் வெறும் பார்வையாளர் இல்லை, பங்குதாரர். மறுநாள் என்ன ஆயிற்று என்று பார்க்க அவர் கட்டாயம் வருவார்.

அந்தத் தர்ணாவின் காரணமும் சுவாரஸ்யமானது. பஞ்சாயத்து ஆவணங்களின் நகலை மக்களுக்குத் தருவோம் என்று 1995-லேயே ராஜஸ்தான் முதல்வர் சட்டசபையில் அறிவித்திருந்தார். ஒரு வருஷமாகியும் காகிதம் நகரவில்லை. 1997-ல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா, 53 நாள். கடைசியில்தான் அரசு சொன்னது, அந்த ஆணை ஆறு மாதம் முன்பே வெளியாகிவிட்டதாம்! தகவல் உரிமை தரும் ஆணையே ரகசியமாக இருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா? 2000-ல் ராஜஸ்தானுக்கு ஒரு சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது.

இங்கே நம் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தை முதன்முதலில் நிறைவேற்றிய மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு! 1997-ல். ஆனால் அதில் விதிவிலக்குகளின் பட்டியல்தான் நீளம். இன்று தகவல் உரிமை என்றால் எல்லோரும் ராஜஸ்தானைத்தான் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை காரணம் எளிது. அங்கே சட்டத்துக்கு முன்னால் அதைக் கேட்கும் மக்கள் இருந்தார்கள். இங்கே கோட்டையிலிருந்து சட்டம் இறங்கி வந்தது, வாங்கிக்கொள்ளத் தெருவில் ஆள் இல்லை.

"இதெல்லாம் கிராமத்தில் சரி, நகரத்தில் எடுபடாது" என்று சிலர் சொல்லலாம். 2002 டிசம்பரில் டெல்லி சுந்தர்நகரியில் பரிவர்த்தன் அமைப்பு இதே முறையில் விசாரணை நடத்தியது. சரிபார்த்தது சுமார் 1.3 கோடி ரூபாய் வேலைகள். அதில் ஏறக்குறைய 70 லட்சத்துக்கு வேலையே நடக்கவில்லை என்று குடிசைப் பகுதி மக்களே சொன்னார்கள். தெருவுக்கு ரோடு போட்டார்களா இல்லையா என்பது நகரத்தானுக்கும் தெரியுமே!

"ஒருவரை ஊர் முன்னால் அவமானப்படுத்துவது சரியா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால்தான் ஆவணம் இல்லாமல் யாரையும் பேசக்கூடாது, எதிர்த்தரப்புக்கும் மைக் தர வேண்டும் என்கிறேன். ராஜஸ்தானில் சில பஞ்சாயத்துத் தலைவர்கள் ஊர் முன்னாலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மானத்தைத் தொலைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, மீட்டுக்கொண்டார்கள்.

பயமே இல்லாத வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். 2008-ல் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் வேலை உறுதித் திட்டக் கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்த லலித் மேத்தா கொல்லப்பட்டார். தனி மனிதன் கேட்டால் ஆபத்து. ஊரே சேர்ந்து கேட்டால் யாரைத் தொடுவார்கள்? கூட்டம் கூட்டுவது அழகுக்காக இல்லை, பாதுகாப்புக்காகவும்தான்.

தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டங்கள் 2022-ல் வருஷத்துக்கு ஆறாக உயர்த்தப்பட்டன. ஆறு மேடை தயாராக இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊரில் கடைசியாக நடந்த ஏதாவது ஒரு வேலையை எடுங்கள், ஒரு சாக்கடையோ ஒரு தெருவிளக்கோ போதும். அதன் மதிப்பீட்டையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தெருவிலேயே நின்று, வரி வரியாக, உரக்கப் படியுங்கள். மரக்கன்று நடுவதும் கோலப் போட்டியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நலச்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊராட்சிக் கணக்கைக் கேட்கும் முன்னால் உங்கள் சங்கத்தின் சந்தாக் கணக்கை முதலில் படித்துக் காட்டுங்கள். அதற்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நிச்சயம் பத்துப் பேருக்கு மேல் இருக்கும்!