செத்த பூச்சிக்கு எதுக்குய்யா அருங்காட்சியகம்?

"செத்துப்போன பூச்சிய ஊசில குத்தி டப்பால அடுக்கி வச்சிருக்கான், அதுக்கு ஏசி வேற! வெட்டிச் செலவு." அருங்காட்சியகம்னு பேச்செடுத்தா இப்படி ஒரு குரல் கட்டாயம் வரும். கூடவே இன்னொண்ணு: "அதான் ஆளுக்கொரு கேமரா இருக்கே, போட்டோ பத்தாதா?"

பத்தாது மக்களே. ஒரு உதாரணம் பாருங்க.

ரோஜா இலையில ஓரமா அரைவட்டமா வெட்டின மாதிரி ஓட்டை பாத்திருப்பீங்க. இலைவெட்டித் தேனீயோட கைவரிசை அது. பேரினத்துப் பேரு மெகாகைலி. அந்தக் குடும்பத்துல ஒரு ராட்சசி மெகாகைலி புளூட்டோ. சொந்த ஊரு இந்தோனேசியாவோட வட மலுக்குத் தீவுகள். இவ இலைய வெட்ட மாட்டா, மரப்பிசினச் சேத்து கரையான் புத்துக்குள்ள வீடு கட்டுவா. நீளம் கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டர். உலகத்துலயே பெரிய தேனீ.

1858-59ல வாலஸ் பச்சான் தீவுல ஒரு பெண் தேனீயப் புடிச்சார். 1860ல ஃபிரெடரிக் ஸ்மித் அதுக்குப் பேரு வச்சார். திரும்ப 1981ல ஆடம் மெஸ்ஸர் கண்டுபுடிக்கிற வரைக்கும் ஆளையே காணோம், அழிஞ்சே போச்சுன்னு நெனச்சாங்க. உயிரோட இருக்கறத முதல்முறையா போட்டோ எடுத்ததே 2019 ஜனவரிலதான். 120 வருஷத்துக்கு மேல இந்த இனத்துக்கு சாட்சியா இருந்தது அருங்காட்சியகப் பெட்டிக்குள்ள இருந்த அந்த செத்த பூச்சிதான். எதோட ஒப்பிட்டு "இது அதேதான்"னு சொல்றது? அதோடதான்! போட்டோவ அறுத்துப் பாக்க முடியுமா, டிஎன்ஏ எடுக்க முடியுமா?

பூச்சியவிட முக்கியம், அதுக்குக் கீழ குத்தியிருக்கற துண்டுச்சீட்டு. எங்க, எப்போ, யாரு. நம்ம பாஷைல சொன்னா அதுதான் டேட்டா. சீட்டு இல்லாத பூச்சி வெறும் ஷோகேஸ் பொம்மை. 2018ல ஈபேயில இந்தத் தேனீ ஒண்ணு 9,100 டாலருக்குப் போச்சு. வாங்கினவர் வீட்டு அலமாரில இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? அடுத்த வேட்டைக்காரனுக்கு விலை தெரிஞ்சதுதான் மிச்சம்.

"விவரத்த வெளியிட்டா திருடனுக்கு வழி காட்டுற மாதிரி ஆகாதா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அரிய இனங்களுக்கு சரியான இடத்த மறைச்சு, தோராயமா மட்டும் காட்டலாம். ஏற்கனவே நடைமுறைல இருக்கறதுதான். அதைச் சாக்கா வச்சு மொத்தத்தையும் பூட்டி வைக்கறதுதான் அயோக்கியத்தனம்.

ஏன்னா பூட்டி வச்சது ஒரே ராத்திரில போயிடும். 2018 செப்டம்பர் 2, ரியோவுல பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிஞ்சுது. சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிகள் இருந்த சேகரிப்பு சாம்பல். 2016 ஏப்ரல்ல நம்ம டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் எரிஞ்சுது. பேக்கப் இல்லாம சர்வர் ஓட்டினா நம்மள வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. 150 வருஷ டேட்டாவுக்கு மட்டும் ஒத்தை காப்பி போதுமாம்!

செலவக் குறைக்கச் சொல்றவங்க ஒண்ணு பண்ணுங்க. ஏசிய நிறுத்தச் சொல்லாதீங்க. அந்த சீட்டுகள டைப் அடிச்சு எல்லாரும் பாக்கற மாதிரி வலையேத்தச் சொல்லி சத்தம் போடுங்க.

டிஸ்கி: பின்னூட்டத்துல "தேன் கெடைக்குமா?"ன்னு கேக்கப் போற நண்பருக்கு: கெடைக்காது!